பாதையில்லாத தீவுக் குன்றில் ஏறுதல்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள தீவுகளில் நூறு மீட்டரிலிருந்து நானூறு மீட்டர் வரை உயரமுள்ள குன்றுகள் ஏராளம். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வெட்டிய பாதை கிடையாது. கைகாட்டிப் பலகையும் கிடையாது. அந்நாட்டில் மலையேறுவோர் கூட்டம் 3,000 அடிக்கு (914 மீட்டர்) மேற்பட்ட மலைகளையே நாடுகிறது. சர் ஹியூ மன்றோ 1891இல் அவற்றின் பட்டியலை வெளியிட்டதிலிருந்து அவர் பெயராலேயே அவை மன்றோக்கள் எனப்படுகின்றன. ஆண்டாண்டாகப் பல்லாயிரம் கால்கள் பட்டு அங்கெல்லாம் தடம் விழுந்துவிட்டது. தீவுக் குன்றுகளுக்கு அந்தக் கூட்டம் வருவதில்லை. ஆடுகளும் மான்களும் போட்ட தடங்கள் அங்கங்கே உண்டு. அவை மேய்ச்சலையும் ஒதுங்கிடத்தையும் நோக்கிப் போகின்றன. அவற்றை நம்பி உச்சிக்குப் போக முடியாது.

உயரம் குறைவு என்பதால் ஏற்றம் எளிது என்று கொள்ளக் கூடாது. இத்தகைய குன்றில் உழைப்பைத் தீர்மானிப்பது உயரமன்று, தரை. நல்ல பாதையுள்ள 900 மீட்டர் மலையை விடப் பாதையற்ற 350 மீட்டர் குன்று காலையும் கவனத்தையும் கூடுதலாகக் கேட்பதுண்டு. வெளி ஹெப்ரிடீஸ் தீவுத்தொடரில் வட யூயிஸ்ட் தீவிலுள்ள ஈவல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 347 மீட்டர் உயரமுள்ள அதுதான் அத்தீவின் மிக உயர்ந்த இடம். ஏறக்குறைய எல்லாப் பக்கமும் ஏரிகளும் கடற்கழிகளும் அதைச் சூழ்ந்திருப்பதால், தொலைவிலிருந்து பார்ப்பவருக்குத் தீவுக்குள் இன்னொரு தீவு போலத் தோன்றும். தொடக்கப் பகுதியில் முன்பு நடந்தவர்களின் தடம் விட்டுவிட்டுத் தெரியும். நல்ல மழைக்குப் பின் அதுவும் சேற்றில் கரைந்துவிடும். இந்த அத்தியாயத்தில் சொல்லப்படும் முறைகள் எந்தத் தீவுக் குன்றுக்கும் பொருந்தும். தேவைப்படும் இடங்களில் ஈவல் உதாரணமாக வரும்.

நேரமும் பருவமும்

மலைநடைக்கு ஆகும் நேரத்தைக் கணிக்க, ஸ்காட்லாந்து மலையேறியான வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் வகுத்த கணக்கு இன்றும் வழக்கில் உள்ளது. மூன்று மைல் தூரத்துக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். மெட்ரிக் அளவில், ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரமும் பத்து மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு நிமிடமும் என்று வைத்துக்கொள்ளலாம். ஈவலுக்குப் போக வர சுமார் 10 கிலோமீட்டர். இந்தக் கணக்கின்படி இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிட வேண்டும். உண்மையில் நான்கிலிருந்து ஐந்து மணி நேரம் பிடிக்கிறது. நெய்ஸ்மித் கணக்கு ஊன்றி நடக்கக்கூடிய தரைக்கானது. சதுப்பைச் சுற்றுவது, புல்திட்டுகளுக்கிடையே கால் தேடுவது, ஓடையைக் கடக்க இடம் பார்ப்பது ஆகியவை அதில் அடங்கவில்லை. பாதையற்ற தீவுத் தரைக்கு அந்தக் கணக்கை ஒன்றரை மடங்காக்குவதே குறைந்தபட்சம். ஈரமான பருவத்தில் இரு மடங்காக்குவது நல்லது.

ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் தொடக்கம் வரையான காலம் மிகச் சிறந்தது. மேற்கு ஸ்காட்லாந்தில் ஒப்பளவில் மழை குறைந்த மாதங்கள் அவை. பெரணிகள் இன்னும் ஓங்கி வளர்ந்திருக்காது, கடிக்கும் பூச்சிகளும் பெருகியிருக்காது. பகல் வெளிச்சமும் தாராளம். வட யூயிஸ்டில் ஜூன் இறுதியில் பகல் சுமார் பதினெட்டு மணி நேரம் நீளும். டிசம்பரில் அது சுமார் ஆறரை மணி நேரமாகச் சுருங்கிவிடும். அப்போது காலை ஒன்பது மணிக்குக்கூட இருட்டு முழுதாக விலகியிராது. குளிர்காலத்தில் பனியைக் காட்டிலும் காற்றே பெரிய தடை. அட்லாண்டிக்கிலிருந்து வரும் புயல்களுக்கு இத்தீவுகளில் தடுப்பு எதுவும் இல்லை, மரங்கூட அரிது.

தீவுக்குச் சேரும் ஏற்பாட்டையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஸ்கை தீவின் ஊயிக் துறையிலிருந்து கால்மேக் நிறுவனத்தின் கப்பல் வட யூயிஸ்டின் லொக்மாடிக்கு வருகிறது. காற்று மிகுந்தால் கப்பல் நிற்கும். ஒரே ஒரு நாளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு போகிறவர் கெட்ட வானிலையிலும் ஏறியே தீரும் நெருக்கடிக்கு ஆளாகிறார். ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாளாகக் கடைப்பிடிக்கப்படும் தீவு இது. அன்று கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், பேருந்தை நம்ப முடியாது.

நடக்கும் உரிமை

ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்புடன் நடந்துகொள்ளும் எவருக்கும் பெரும்பாலான திறந்த நிலத்தில் கால்நடையாகச் செல்லும் உரிமையை வழங்குகிறது. பாதை இருந்தால்தான் போகலாம் என்ற விதி அங்கே இல்லை. பாதையில்லாக் குன்றுகளில் ஏறுவதற்கு அடிப்படையே இதுதான். வீட்டைச் சுற்றிய தோட்டம், பயிர் நிற்கும் வயல் போன்றவை இந்த உரிமைக்கு வெளியே.

தீவுகளில் குன்றின் அடிவாரம் பெரும்பாலும் சிறு குத்தகை விவசாயிகளின் நிலம். வீட்டருகே வேலியிட்ட வயல், அதற்கு மேலே ஊருக்குப் பொதுவான மேய்ச்சல் நிலம் என்பது அமைப்பு. வேலிக்குள் இருக்கும் வரை வயலோரமாக நடக்க வேண்டும். வாயிற்கதவை எந்த நிலையில் கண்டாரோ அதே நிலையில் விட்டுச் செல்வது நடப்பவரின் கடமை. கதவு பூட்டியிருந்தால் கீல் இருக்கும் பக்கமாக ஏறிக் கடக்கலாம். மறுபக்கம் ஏறினால் கதவு தொய்ந்துவிடும். சாந்தில்லாமல் அடுக்கிய கற்சுவர்களில் ஏறவே கூடாது.

ஏப்ரல், மே மாதங்களில் ஆடுகள் குட்டி ஈனும். நாயுடன் வருபவர்கள் அக்காலத்தில் குட்டிகள் இருக்கும் நிலத்தைத் தவிர்த்துவிட வேண்டும். தரையில் கூடு கட்டும் பறவைகளுக்கும் அதுதான் பருவம். செந்தொண்டை முக்குளிப்பான் சிறு ஏரிகளின் விளிம்பிலேயே முட்டையிடுகிறது. சட்டப் பாதுகாப்புப் பெற்ற அப்பறவையைக் கூட்டருகே தொந்தரவு செய்வது குற்றம். ஆகவே கோடையில் சிறிய ஏரிகளின் கரையை ஒட்டி நடக்காமல் சற்று விலகிப் போவது முறை. ஆர்க்னி, ஷெட்லாந்து தீவுகளில் பெரும் ஸ்குவாப் பறவை கூட்டை நெருங்குபவரின் தலையை நோக்கிப் பாய்ந்து வரும். கைத்தடியைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தபடி வந்த வழியே விலகிவிட்டால் அது அமைதியாகும்.

மான் வேட்டை நடக்கும் தீவுகளில் ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை அறிவிப்புப் பலகைகள் வைக்கப்படும். அன்றைய வேட்டை எந்தச் சரிவில் என்று கேட்டு வேறு சரிவில் ஏறலாம்.

வரைபடத்தில் வழி

ஆர்டினன்ஸ் சர்வே வெளியிடும் 1:25,000 வரைபடம் இதற்கு ஏற்றது. அதில் நான்கு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டரைக் குறிக்கும். வேலிகளும் சிறு ஓடைகளும் அதில் இருக்கும். குன்றுப் பகுதிகளில் சமஉயரக் கோடுகள் பத்து மீட்டருக்கு ஒன்றாக வரையப்பட்டுள்ளன. இதில் ஒரு பொறி உண்டு. எட்டு மீட்டர் செங்குத்துப் பாறை இரண்டு கோடுகளுக்கு நடுவே மறைந்துவிடலாம். வெளி ஹெப்ரிடீஸின் அடித்தளமான லூயிசியன் நைஸ், 300 கோடி ஆண்டுகள் வரை பழமையான பாறை. பனிப்பாறைகள் அதைச் சுரண்டிச் சிறு மேடுகளும் குழி ஏரிகளும் நிறைந்த நிலமாக்கிவிட்டன. படத்தில் மென்மையாகத் தெரியும் சரிவு, நேரில் சிறு பாறைப் படிகளாக நிற்பது இங்கே வழக்கம்.

வழியை மூன்று பகுதிகளாகப் பிரித்துத் திட்டமிடுவது வசதி. சாலையிலிருந்து அடிவாரம், அடிவாரத்திலிருந்து மேட்டுமுதுகு, முதுகு வழியே உச்சி. முதல் பகுதிதான் பெரும்பாலும் கடினமானது, ஏனெனில் தண்ணீர் தேங்குவது தட்டையான நிலத்தில். அங்கே பீட் வெட்டப் போடப்பட்ட பழைய வண்டித்தடங்கள் பெரிய உதவி. பீட் என்பது பல்லாயிரம் ஆண்டுகளாக மக்காமல் படிந்த தாவரக் கரிமண். தீவு மக்கள் அதைச் செங்கல் போல வெட்டி உலர்த்தி எரிக்கிறார்கள். வெட்டிய பீட்டை வெளியே கொண்டுவர அமைத்த தடம் படத்தில் இருந்தால், திசை கொஞ்சம் விலகினாலும் அதில் தொடங்குவது லாபம்.

மேலே ஏறும்போது பள்ளத்தாக்கை விட்டு முதுகைப் பிடிக்க வேண்டும். முதுகில் நீர் வடிந்துவிடும், பார்வை திறந்திருக்கும், காற்று பூச்சிகளை விரட்டும். ஈவலில் வடகிழக்கு முதுகு அப்படிப்பட்டது.

கடல் ஏற்றமும் வற்றமும்

ஈவலுக்குப் போகும் வழக்கமான வழி, லொக் ஈபோர்ட் என்ற கடற்கழியின் தென்கரைச் சாலை முடியும் இடத்தில் தொடங்குகிறது. அங்கிருந்து கிழக்கே போனால் லொக் ஒபசரி என்ற ஏரியின் நீர் கடற்கழியில் சேரும் குறுகிய வாய் குறுக்கிடும். மிதிகற்கள் மேல் அதைக் கடக்கலாம். கடல் ஏறியிருக்கும்போது கற்கள் நீருக்குள் போய்விடும்; உப்புநீர் ஏரிக்குள் நுழையும். கடந்த பின் ஏரியின் கரையைச் சுற்றி, பரிவல் என்ற சிறு குன்றின் அடிவாரம் வழியாக ஈவலின் வடகிழக்கு முதுகை அடையலாம்.

ஆகவே இந்தக் குன்றுக்கு வானிலை அறிக்கையோடு ஓத அட்டவணையும் வேண்டும். ஒரு நாளில் கடல் இருமுறை ஏறி இருமுறை வற்றுகிறது. ஓர் உச்ச ஏற்றத்திலிருந்து அடுத்ததற்குச் சுமார் பன்னிரண்டு மணி இருபத்தைந்து நிமிடம். அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில் ஏற்றம் மிக அதிகம். உச்ச ஏற்றம் நண்பகலில் வந்தால் திட்டம் கெட்டுவிட்டது என்று நினைக்கத் தேவையில்லை. அதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே கற்களைக் கடந்து, கடல் நிறைந்திருக்கும் வேளையில் குன்றின் மேல் இருந்து, வற்றத் தொடங்கியபின் திரும்பலாம். கெட்ட நேரம் என்பது போகும்போதோ திரும்பும்போதோ உச்ச ஏற்றம் வந்து சேர்வதுதான். திரும்புகையில் கற்கள் மூழ்கியிருந்தால் காத்திருப்பதைத் தவிர வேறு வழியைத் தேடக் கூடாது. நீரோட்டம் வேகமானது, நீர் கோடையிலும் குளிர்ந்தது. காத்திருக்கும் இரண்டு மணி நேரத்துக்குப் பையில் ஒரு கம்பளிச் சட்டையும் உணவும் இருந்தால் போதும்.

கண்ணால் தரையைப் படித்தல்

பாதை இல்லாத இடத்தில் செடிகளே வழிகாட்டி. அடுத்த ஐம்பது மீட்டரில் எது வளர்ந்திருக்கிறது என்று பார்த்து வழியைத் தேர்வது ஒரே நாளில் கைவரும் பழக்கம், அதைப் போல உழைப்பை மிச்சப்படுத்துவது வேறொன்றுமில்லை.

பளிச்சென்ற இளம்பச்சையும் சிவப்பும் கலந்து மெத்தை போலத் தெரிவது ஸ்பாக்னம் பாசி. தன் எடையைப் போலப் பல மடங்கு நீரை அது தாங்கி நிற்கும். அதன் மேல் கால் வைத்தால் கணுக்கால் வரையாவது நனையும். நீர்ப்பரப்பின் மேல் மிதக்கும் பாசியாக இருந்தால் இடுப்பு வரைகூடப் போகும். இந்த நிறத்தைக் கண்டால் சுற்றிப் போவதே வழி. ஜூனில் வெள்ளைப் பஞ்சுக் குஞ்சம் தலையாட்டி நிற்கும் பஞ்சுக்கோரை, கீழே ஆழமான ஈரப் பீட் இருப்பதைச் சொல்கிறது. குஞ்சங்கள் அடர்ந்த இடத்தின் நடுவே போகாமல் ஓரமாகப் போக வேண்டும். கரும்பச்சை ஊசிகளாகக் கொத்தாக நிற்கும் கோரையும் ஈரத்தின் அடையாளம்தான் என்றாலும், அதன் வேர்க்கட்டு பாரம் தாங்கும். வேறு வழியில்லாதபோது கொத்திலிருந்து கொத்துக்குக் கால் மாற்றிச் சதுப்பைக் கடக்கலாம்.

ஹெதர் வளர்ந்த தரை ஒப்பளவில் உலர்ந்தது. ஆகஸ்டில் ஊதாப் பூவாகப் பூக்கும் அந்தக் குற்றுச்செடி, குட்டையாக இருந்தால் நடக்கச் சுகம். முழங்கால் உயரம் வளர்ந்து முதிர்ந்துவிட்டால், பாறைகளுக்கிடையே உள்ள பொந்துகளை மூடி மறைக்கும். அங்கே கால் சிக்கிக் கணுக்கால் பிசகுவது தீவுக் குன்றுகளில் நேரக்கூடிய விபத்துகளில் முக்கியமானது. வெளிறிய மஞ்சள் நிறத்தில் பரந்திருக்கும் மோலினியா புல் தொலைவில் சமவெளியாகத் தெரியும். நெருங்கினால் ஒவ்வொன்றும் முழங்கால் உயரத் திட்டு, நடுவே நீர்ப்பள்ளம். திட்டின் தலையில் மிதித்தால் சரியும், பள்ளத்தில் மிதித்தால் நனையும். இந்த ஒன்றைத் தவிர்க்க எவ்வளவு தூரம் சுற்றினாலும் தகும்.

பிராக்கன் பெரணி நீர் வடியும் நல்ல மண்ணில்தான் வளரும். ஆகவே மே மாதத்தில், அது இன்னும் சுருண்ட முளையாக இருக்கும்போது, பிராக்கன் சரிவு ஏறத் தகுந்த வழி. ஆகஸ்டில் அதே சரிவு இடுப்பளவு, சில இடங்களில் தோளளவு காடாகி, கால் வைக்கும் இடம் தெரியாமல் போகும். உண்ணிகள் மலிந்ததும் அதுவே. எல்லாவற்றிலும் விரும்பத்தக்கது ஆடு மேய்ந்து குறுகிய பசும்புல். பழைய உருளைக்கிழங்குப் பாத்திகளின் நீண்ட மேடுகள் மேல் அது நிற்பதுண்டு. மக்கள் வெளியேற்றப்பட்ட அல்லது குடிபெயர்ந்த ஊர்களின் எச்சங்கள் அவை. அந்த மேடுகளின் முதுகிலேயே ஏறினால் கால் நனையாது.

வெறும் நைஸ் பாறை கண்டால் அதில் நடக்கலாம். அதன் சொரசொரப்பு காலணியை நன்றாகப் பிடிக்கும். ஆனால் நீர் கசியும் கருத்த பாசிப் படலமும், மழையில் நனைந்த லைக்கனும் வழுக்கும். பீட் அரிக்கப்பட்டு ஆளுயரக் கரிய கரைகளாக நிற்கும் பகுதியில், பள்ளங்களின் தரை சரளையாக இருந்தால் அவற்றின் வழியே போகலாம். கருஞ்சேறாக இருந்தால் மேலேறிச் சுற்ற வேண்டும்.

சந்தேகமான இடத்தில் முதலில் கைத்தடியை ஊன்றிப் பார்க்க வேண்டும். கால் புதைந்துவிட்டால் இழுத்துப் பிடுங்க முயலாமல், பின்புறமாகச் சாய்ந்து உடலின் பாரத்தைப் பரப்பி மெல்ல மீட்க வேண்டும். ஓடை பெருகியிருந்தால் மேல்நோக்கிப் போனால் அது கிளைகளாகப் பிரிந்து குறுகும். தீவு ஓடைகள் சிறியவை என்பதால் பெரும்பாலும் தொலைவு போக வேண்டியிராது.

மேகம் இறங்கும்போது

கடலோரக் குன்றுகளில் மேகம் இருநூறு மீட்டருக்குக் கீழேயும் இறங்கும். கண்ணுக்கு உச்சி தெரியும் வேளையிலேயே திசைகாட்டியில் கோணம் எடுத்துக் குறித்துக்கொள்வது அறிவுடைமை. வரைபட வடக்குக்கும் காந்த வடக்குக்கும் உள்ள வேறுபாடு இக்காலத்தில் இப்பகுதியில் சிறியது. படத்தின் ஓரத்தில் அச்சிட்ட அளவைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். காந்தத்தன்மை மிகுந்த எரிமலைப் பாறைத் தீவுகளில் திசைகாட்டியையே ஐயுற வேண்டும். ஸ்கை தீவின் கூலின் மலைகளில் முள் இடத்துக்கு இடம் பிறழும். கன்னா தீவில் காம்பஸ் ஹில் என்றே பெயர் பெற்ற சிறு குன்று, கடந்து செல்லும் கப்பல்களின் திசைகாட்டியையும் குழப்புவதாக அறியப்பட்டது. வெளி ஹெப்ரிடீஸின் நைஸ் பாறையில் இந்தத் தொல்லை பொதுவாக இல்லை.

மூட்டத்தில் திரும்பும்போது மிதிகற்கள் போன்ற ஒரு சிறு இலக்கை நேராகக் குறிவைப்பது தவறு. சற்றே பிசகினாலும் இலக்கு இடப்பக்கமா வலப்பக்கமா என்று தெரியாமல் போகும். வேண்டுமென்றே ஒரு பக்கம் தள்ளிக் குறிவைத்து ஏரிக்கரையைத் தொட்டால், பிறகு எந்தப் பக்கம் திரும்புவது என்பதில் ஐயமே இராது. தண்ணீர் நிறைந்த இத்தீவில் கரைகளே கைப்பிடிச் சுவர். கைப்பேசியின் வரைபடச் செயலி நல்ல துணைதான். படத்தை முன்கூட்டியே பதிவிறக்கி வைத்திருக்க வேண்டும். அலைவரிசையை நம்பக் கூடாது. குளிரிலும் மழையிலும் மின்கலம் விரைவாகத் தீர்வதால் காகிதப் படமும் பையில் இருக்க வேண்டும்.

உச்சியும் இறக்கமும்

ஈவல் உச்சியின் கட்டக் குறியீடு என்.எஃப். 899 605. தெளிந்த நாளில் கிழக்கே ஸ்கை, வடக்கே ஹாரிஸ் குன்றுகள், மேற்கே கடலுக்கு நடுவே செயின்ட் கில்டா வரை தெரியும். காலடியில் வட யூயிஸ்டின் ஏரிகள் நிலத்தைவிட நீரே அதிகம் என்று தோன்றும்படி பரந்து கிடக்கின்றன. உயரமான எந்த மன்றோவும் இத்தகைய காட்சியைத் தருவதில்லை. அதற்கு இவ்வளவு தாழ்ந்த நிலமும் இவ்வளவு தண்ணீரும் சுற்றி இருக்க வேண்டும். இறங்கும் வழியை அங்கிருந்தே பார்த்து, சதுப்பின் நிறங்களைக் குறித்துக்கொள்ளலாம்.

இறக்கத்தில்தான் அடி சறுக்கும். வெளிப்புறம் வளைந்த சரிவில் கீழே உள்ள பாறை விளிம்பு மேலிருந்து தெரியாது. அதனால் ஏறும்போதே அவ்வப்போது திரும்பிப் பார்த்து வழியை மனத்தில் பதித்துக்கொள்வதும், புதிய வழியை ஆசைப்படாமல் ஏறிய முதுகிலேயே இறங்குவதும் பாதுகாப்பு. ஈரப் புல்லில் நேராகக் கீழே போகாமல் கோணலாகப் போக வேண்டும்.

உடையும் உதவியும்

நீர்புகாச் சட்டை, நீர்புகாக் கால்சட்டை, தொப்பி, கையுறை ஆகியவை ஜூன் மாதத்திலும் வேண்டும். பருத்தி நனைந்தால் உலராது. ஜீன்ஸ் அணிந்து போகவே கூடாது. கணுக்காலைத் தாங்கும் காலணியும், அதன் மேல் முழங்கால் வரை கெய்ட்டர் உறையும் பொருத்தம். முழங்கால் உயர ரப்பர் காலணியோடு சதுப்பில் சளைக்காமல் நடக்கும் உள்ளூர்க்காரர்களைக் காணலாம். பாறைச் சரிவில் அது கணுக்காலைத் தாங்காது என்பதால் புதியவருக்கு ஏற்றதல்ல.

போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் தங்குமிடத்தில் சொல்லிவிட்டுச் செல்ல வேண்டும். இத்தகைய குன்றில் நாள் முழுவதும் வேறொருவர் வராமலே போகலாம். ஆபத்தில் 999 அல்லது 112 எண்ணை அழைத்துக் காவல்துறையையும், பிறகு மலை மீட்புக் குழுவையும் கேட்க வேண்டும். கைப்பேசியை முன்கூட்டியே பதிவு செய்திருந்தால் 999க்குக் குறுஞ்செய்தியும் அனுப்பலாம். பேச்சுக்குப் போதாத அலைவரிசையிலும் செய்தி போய்விடுவதுண்டு. விசிலுக்கு, ஒரு நிமிடத்தில் ஆறு ஊதல், பிறகு ஒரு நிமிட இடைவெளி, மீண்டும் ஆறு என்பதே ஆபத்துக் குறி.

மிட்ஜும் உண்ணியும்

மிட்ஜ் என்பது கொசுவினும் மிகச் சிறிய கடிபூச்சி. மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை, காற்றில்லாத காலையிலும் மாலையிலும் கூட்டமாக மொய்க்கும். மென்காற்று வீசினாலே அதனால் பறக்க முடியாது. எனவே ஓய்வுக்கு மறைவிடத்தைத் தேடாமல் காற்றுப்படும் மேட்டில் உட்கார வேண்டும். தலையை மூடும் மெல்லிய வலை பையில் இடத்தை அடைக்காது.

உண்ணி அதைவிடக் கவலைக்குரியது, ஏனெனில் அது லைம் நோயைப் பரப்பக்கூடும். நீண்ட கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்வது தடுப்பு. நடை முடிந்த அன்றே முழங்கால் மடிப்பு, தொடையிடுக்கு, அக்குள், மயிர்க்கோடு ஆகிய இடங்களைத் தேடிப் பார்க்க வேண்டும். கடித்திருந்தால் நுண்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நசுக்காமல் நேராக மேலே இழுத்தெடுத்து, இடத்தைக் கழுவிவிட வேண்டும். எண்ணெய் தடவுவதும் சூடு வைப்பதும் கூடாது. கடித்த நாளைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த சில வாரங்களில் கடித்த இடத்தைச் சுற்றி வட்டமாகப் பரவும் சிவப்புத் தடிப்போ காய்ச்சலும் உடல்வலியுமோ தோன்றினால், உண்ணி உள்ள நிலத்தில் நடந்ததை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளால் லைம் நோய் குணமாகும்.